சித்தி ஊறவச்ச கயிறு

அன்புள்ள கண்ணுவுக்கு,

சாமி புண்ணியத்துல நானும் உன் சித்தப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு தினமும் கேட்டுக்கறேன். சித்தப்பாவுக்கு முட்டி வலி தேவலை, வாய்தான் குறையல. உன் மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. காலைல அந்த ஜன்னல்ல நின்னு கண்ணை மூடிக்கிட்டு சூரியனைக் கும்பிடறேன், இமைக்குள்ள செக்கச்செவேல்னு பரவுது, அதுலயே மிதக்கற மாதிரி இருக்கு. நீ சொன்னியே, சூரியனைச் சுத்தியிருக்கற அனல்ல இரும்புகூட ஆவியா அலையுது, அது விடற புற ஊதா வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, காத்தும் அதைக் கீழ விடாது, அதனாலதான் ராக்கெட்ல கண்ணாடி வச்சு மேல அனுப்பி அதைக் கோடு கோடாப் பிரிச்சுப் பாக்கறோம், கோடு துளி நகர்ந்து விழுந்தா அனல் நம்ம பக்கம் வருதா, விலகிப் போகுதான்னு தெரிஞ்சிடும்னு. பாத்திரம் கழுவறப்ப அதையே நினைச்சுக்கிட்டு நிக்கறேன், குழாய் பாட்டுக்கு ஓடுது.

நேத்து நீ போன்ல சொன்னதுலேந்து சோறு இறங்கல. ராக்கெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி வைக்கற சோதனைல கோடெல்லாம் மங்கலா விழுது, கண்ணாடி மேல எண்ணெய்ப் படலம், அதைத் துடைக்கற அக்கா மேல பழி, அடுத்த மாசம் விசாரணை வச்சு அவங்களை வேலையை விட்டே எடுத்துடுவாங்கன்னு அழுதே. உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் கண்ணு, போன்ல சொல்ல நாக்கு எழும்பல. நீ லீவுக்கு வந்தப்ப உன் மணிக்கட்டுல நான் கட்டின கயிறு நூல்நூலாப் பிரிஞ்சிருந்துச்சு. மதியம் நீ அசந்து தூங்கறப்ப சாமி விளக்கு எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அதை நல்லா ஊறவச்சேன். எழுந்து, ஏன் சித்தி பிசுபிசுன்னு இருக்குன்னு கேட்டே, வேர்வைன்னு பொய் சொன்னேன். கையுறைக்குள்ளகூட கழட்ட மாட்டேன்னு உங்கிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். எண்ணெய் ஆவியாக் கிளம்பிப் போய் கண்ணாடில ஒட்டிக்கும்னு எனக்கு என்ன தெரியும். சித்தப்பாகிட்ட சொன்னேன், உன் பக்தி சூரியனையே மறைச்சிடுச்சேடின்னாரு, அப்புறம் அவரே பேனாவை எடுத்துக் கொடுத்தாரு. அந்த எண்ணெய்தானான்னு உங்க ஆளுங்க பாத்துக்கட்டும். இந்தக் காகிதத்தை உங்க ஆபீஸ் பெரியவர்கிட்ட காட்டு, உன்னைத் திட்டினா வாங்கிக்க. அந்த அக்காவுக்கும் பிள்ளைங்க இருக்கும்.

சாமி உனக்குத் துணையிருக்கும், கயிறு இல்லாட்டியும் இருக்கும். மறக்காம இன்னிக்கே அதை வெட்டிப் போட்டுடு. உன் சத்தியத்தை உனக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தி