கல்லுமேட்டுக்கு வந்த பாலைவனக் கதிர்க்குருவி

அனுப்புநர்:
ம. பிளசி (வயது 31),
த/பெ மதலைமுத்து,
கல்லுமேடு கிராமம், இண்டூர் வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: எங்கள் ஊர் மேய்ச்சல் காட்டில் தங்கியுள்ள பாலைவனக் கதிர்க்குருவியைத் தொந்தரவு செய்தவர்கள் என் மீதே புகார் கொடுத்திருப்பது – நடந்ததைத் தெரிவித்தல், விசாரணையை அந்த இடத்திலேயே நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம்.

1. நான் இண்டூர் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். திருமணம், காதுகுத்து, முதல் நற்கருணை என எல்லா விசேஷங்களுக்கும் படம் எடுப்பது என் தொழில். என் மீது இதுவரை எந்தப் புகாரும் இருந்ததில்லை.

2. கடந்த கார்த்திகையில், எங்கள் ஊரில் ஆடு வளர்க்கும் பெரியம்மாள் என்பவரின் மகள் கோகிலவாணிக்கும் பொம்மிடியைச் சேர்ந்த அருண்குமாருக்கும் திருமணம் நிச்சயமானது. திருமணத்துக்கு முன் எடுக்கும் படங்களுக்கு இப்பகுதியில் ஒகேனக்கல் போவதுதான் வழக்கம். கோகிலவாணி மறுத்துவிட்டார். "எல்லாரும் அங்கதான் போறாங்க. எங்க ஆடு மேயற காட்டுலயே எடுங்கக்கா" என்றார். அவ்வாறே ஊருக்குக் கிழக்கே உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் படம் எடுத்தோம். அங்கு இலந்தை முள்ளும் ஆவாரஞ்செடியும் கல்லும் தவிர வேறொன்றும் இல்லை.

3. அன்று மணப்பெண்ணின் சேலை முந்தானைக்குப் பின்னால் ஏதோ ஓடியது. முதலில் எலி என்று நினைத்தேன். பார்த்தால் மணல் நிறத்தில் ஒரு சிறு பறவை. வாலைத் தூக்கிக்கொண்டு தரையில் தத்தித் தத்தி ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குள் நுழைந்தது. கண் மஞ்சள். அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மணமக்களை நிற்க வைத்துவிட்டு அதைப் படம் எடுத்தேன். அவர்களும் கோபித்துக்கொள்ளாமல் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4. அந்தப் படத்தைக் கோயம்புத்தூரில் உள்ள பறவை ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன். அது பாலைவனக் கதிர்க்குருவி என்று அவர் உறுதி செய்தார். மத்திய ஆசியப் பாலைநிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இராஜஸ்தான், குஜராத் பக்கம் வரும் பறவையாம். எடை பத்து கிராம்கூட இருக்காதாம். இவ்வளவு தெற்கே வருவது மிக அரிது என்று சொல்லி, மறு வாரமே பேருந்தில் வந்து பார்த்துவிட்டும் போனார்.

5. அய்யா, தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு. அந்த வறண்ட முள்காட்டைத் தேடி இத்தனை தொலைவு ஒரு பறவை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஊரின் நடையே மாறிப்போனது. கோகிலவாணி தன் திருமண அழைப்பிதழின் அட்டையில் அந்தப் பறவையை அச்சடிக்கச் செய்தார். எங்கள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை அதைப்பற்றி அறிவித்தார். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளை விழாக் குழுவினர் காட்டுப் பக்கம் பார்க்காதபடி திருப்பிக் கட்டினார்கள். யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

6. செய்தி அறிந்து பறவையைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தி, நடந்து வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பலருக்குப் பெரியம்மாள் மோர் கொடுத்திருக்கிறார்.

7. கடந்த மாதக் கடைசி ஞாயிறு காலை வெளியூரிலிருந்து இரண்டு ஜீப்புகளில் வந்தவர்கள் அப்படி இல்லை. வண்டிகளைப் புதர்களுக்கு நடுவிலேயே ஓட்டி வந்தார்கள். ஒரு சிறிய ஸ்பீக்கரைச் செடிக்கு அடியில் வைத்து, அதே இனப் பறவையின் குரலை விடாமல் ஒலிக்கச் செய்தார்கள். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை வெளியே வருவதும், அலகைத் திறந்தபடி சுற்றுவதும், மீண்டும் ஓடி ஒளிவதுமாக இருந்தது. படத்துக்கு மறைக்கிறது என்று இலந்தைக் கிளைகளை வெட்டத் தொடங்கினார்கள்.

8. அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாள் தடுத்தார். "புறம்போக்குதானே, உனக்கென்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் செய்துவிட்டு அந்தச் செடியின் முன்னால் போய் நின்றுகொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "அது குடியிருக்கிற வூடுங்க இது. வெட்டறதுன்னா என்னைத் தாண்டி வெட்டுங்க." குரலை உயர்த்தவில்லை. கையில் கோல்கூட இல்லை.

9. ஸ்பீக்கரை நிறுத்துமாறு நானும் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள். எனவே நானே அதை எடுத்து அணைத்தேன். ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து வைப்பதாகவும், அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர்களிடம் சொல்லிவிட்டே நடந்தேன். அது இன்றும் அங்கு பத்திரமாக இருக்கிறது. சார்ஜ் இறங்கியிருக்கலாம், வேறு சேதம் இல்லை.

10. அவர்கள் அதை வாங்க வரவில்லை. மாறாக, நான் பொருளைப் பறித்ததாகவும், பெரியம்மாள் பொது இடத்தில் வழிமறித்ததாகவும் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்துள்ளார்கள். விசாரணைக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்துள்ளது. ஸ்பீக்கரை எடுத்தது நான்தான். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. கேமரா பிடிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அழவைத்து எடுக்கும் படம் எனக்குப் படம் அல்ல.

11. அன்றைக்குப் பிறகு பறவை கண்ணில் படவில்லை. போய்விட்டது என்றே நினைத்தோம். மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் தனியாக இருந்த பெரியம்மாள், ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிவிட்டு, தினமும் விடிந்ததும் தான் மட்டும் காட்டுக்குப் போய் வந்தார். நேற்று முன்தினம் ஸ்டுடியோவில் எனக்கு அவருடைய போன் வந்தது. "இருக்குதும்மா. இலந்தைக்கு அந்தாண்ட ஓடிக்கிட்டு இருக்குது." உடனே ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன்.

12. ஆகவே அய்யா, புகாரைத் தள்ளுபடி செய்யுமாறு நான் கேட்கவில்லை. விசாரணையை அந்த மேய்ச்சல் காட்டிலேயே, எதிர்த்தரப்பினரையும் வரவழைத்து நடத்துமாறு உத்தரவிட வேண்டுகிறேன். வெட்டுப்பட்ட செடிகளும் சக்கரத் தடங்களும் இன்னும் அப்படியே உள்ளன. அத்துடன், அங்கு வண்டி ஓட்டக் கூடாது, குரல் ஒலிக்கவிடக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை வைத்துத் தர வேண்டும். பலகைக்குக் குழி தோண்ட ஊரே தயாராக இருக்கிறது. அதில் எங்கள் ஊரின் பெயரும் இருந்தால் மகிழ்வோம்.

13. மாசி முடிந்து வெயில் ஏறினால் பறவை வடக்கே கிளம்பிவிடும் என்கிறார்கள். அதற்கு முன் தாங்களே ஒருமுறை நேரில் வர வேண்டும். காலை நேரம் நல்லது. தார்ச்சாலையிலிருந்து நடந்துதான் வர வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்களுக்கும் மற்றவர்களைப் போலவே தூரத்தில் நின்றுதான் காட்டுவோம்.

நாள்: 05.02.2026
இடம்: கல்லுமேடு

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

(ஒப்பம்) ம. பிளசி
(இடது பெருவிரல் ரேகை) பெரியம்மாள்