பெரிய செட்டில் போட்ட கசட்

1984 மாசி, வெள்ளி இரவு.

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. எழுதப் படித்துச் சில மாதம்தான், பேனா இன்னும் என் சொல்லைக் கேட்பதில்லை. ஆனாலும் நானே எழுதுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

இன்று கல்முனையில் பாட்டுச் செட்டுகளின் கண்காட்சி. ஆளுயர ஸ்பீக்கர்கள், பச்சை விளக்கு மினுங்கும் அம்ப்ளிஃபயர்கள். சின்னப்பிள்ளை போலச் சுற்றினேன். விரும்பியவர்கள் தங்கள் கசட்டைப் போட்டுக் கேட்கலாம் என்றார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத காலத்தில், கடிதத்துக்குப் பதிலாகச் சவூதியிலிருந்து மகன் பேசி அனுப்பிய கசட்டைக் கொடுத்தேன்.

"காக்கா, இனி மகன்ட கதைய ஊரே கேக்கப்போகுது," என்று தம்பி முறையான பக்கத்து வீட்டு மீராசா சிரித்தான்.

"கேக்கட்டுமே, நல்ல கதைதானே," என்றேன்.

"வாப்பா, நான் சுகமா இரிக்கன்." மகன் என் முன்னால் நிற்பது போலவே இருந்தது. அப்போதுதான், வீட்டுச் சின்னக் கசட் பெட்டியில் ஒருநாளும் கேட்காதது கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "அழாமக் கதைடா. பூட்டுறதுக்கு வாறானுகள்." பிறகு இரும்புக் கதவு சாத்தும் சத்தம்.

மீராசா கசட்டை எடுத்து என் கையில் வைத்தான். "வேற ஆரும் கதைச்சதாயிரிக்கும் காக்கா," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "புள்ளட சத்தம் வடிவாக் கேட்டிச்சா?"

"ஓம். எல்லாம் கேட்டிச்சு."

இப்போது அவள் அதைப் பழைய பெட்டியில் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். அடுத்த கிழமை அவனுக்கு என் கையாலேயே கடிதம் எழுதுவேன். எந்த விலாசத்துக்கு என்றுதான் தெரியவில்லை.