நல்லெண்ணெயில் வரைந்த முகம்

ஜெயத்தின் முகம் இன்னும் காயவில்லை. இது என் ஊகம் அல்ல. உங்கள் ஓவியங்களைத் திரட்டிக் கண்காட்சி வைக்கப்போகும் கலைக்கூடத்தின் ஓவியப் பராமரிப்பாளர் திங்கட்கிழமை தொலைபேசியில் சொன்னது. பின்னேரம் எழுத்திலும் அனுப்பினார். ஆறு வருடமாகியும் மேல்பூச்சு பசையாகவே இருக்கிறதாம்.

"பஞ்சால் தொட்டால் விதை வறுத்ததுபோல ஒரு வாசம் வருகிறது. எந்த எண்ணெயைக் கலந்தார் என்று தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரியும். நல்லெண்ணெய். நாங்கள் தோசை சுடுகிறது" என்றேன்.

தோசை என்பதை எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

தொண்ணூறு தாண்டி, ஆறுதலாகப் போய்ச் சேர்ந்தீர்கள். போய் ஒரு குளிர்காலமும் முடிந்துவிட்டது. இன்னும் எனக்கு வேலை வைக்கிறீர்கள்.

உங்களால் எனக்கு வேலை குறைந்த நாளே இல்லை. புதிதாக வந்த குடும்பங்களின் குசினிகளைத் தேடித் தேடி வரைகிற ஒல்லாந்துப் பெண் ஒருவர் சிட்னியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்குப் பேட்டி எடுக்க வந்தேன். கப்பலேறியபோது வயது பத்தொன்பது என்றீர்கள். சரிபார்க்க மறுபடி வந்தபோது இருபத்திரண்டு என்றீர்கள். எது சரி என்று கேட்டேன். "போன கிழமை பத்தொன்பதாகத்தான் இருந்தது" என்றீர்கள். மெல்பேர்னில் நாடகத் திரைகளுக்கு வண்ணம் பூசிய காலத்தில், இடைவேளைக்குள் கதவொன்றை இடம் மாற்றி வரைந்துவிட்டீர்களாம். நடிகர் திரும்பி வந்து எந்தப் பக்கத்தால் போவதென்று தெரியாமல் நின்றாராம். அதை உறுதிசெய்ய ஒருவரும் அகப்படவில்லை. நான் அச்சில் போடவுமில்லை. ஆனால் பிறகு கண்ணால் கண்டவற்றை வைத்துப் பார்த்தால், நடந்திருக்கும்.

குசினிகளை ஏன் வரைகிறீர்கள் என்பதற்கு மட்டும் பதில் ஒருபோதும் மாறவில்லை. வந்திறங்கியதும் உங்களை வைத்திருந்த குடியேறிகள் முகாமில் பெண்கள் சமைக்கக்கூடாது. வரிசையில் நின்று, போடுவதைத் தின்னவேண்டும். "எனக்கென்று ஓர் அடுப்பு கிடைக்கும்வரை நான் எந்த நாட்டிலும் இருக்கவில்லை" என்றீர்கள்.

எங்கள் டூங்கபி வீட்டுக் குசினியையும் அப்படித்தான் வரைந்தீர்கள். அடுப்படியில் முதுகு காட்டி நிற்கிற என் மனைவி ஜெயம். மேசையில் பத்திரிகையோடு நான். ஒரு நீலக் கதிரை. படத்தை எங்களுக்கே தந்தீர்கள். தந்தது என்று நாங்கள்தான் நினைத்தோம். அதற்குப் பிறகு சாப்பிட வந்தபோதெல்லாம் உங்கள் வண்ணத் தகரப் பெட்டியும் கூட வந்தது. கை கழுவியதும் "ஒரேயொரு சின்ன விஷயம்" என்று தூரிகையை எடுப்பீர்கள். கதிரை பச்சையானது. யன்னல் ஒரு முழம் நகர்ந்தது. ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் நானே இல்லை. என் இடத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

"நீங்கள் படத்தில் ஒன்றுமே செய்யவில்லை" என்று விளக்கம் சொன்னீர்கள்.

ஜெயம் சிரித்து முடிக்கப் பத்து நிமிடமாவது ஆனது. "இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ. உங்களை விடப் பூசணிக்காய் வடிவாத்தான் இருக்கு."

நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. "உங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்தில விட்டிட்டுப் போனதில இண்டைக்கும் பாவனையில இருக்கிறது கக்கூஸ் எண்ட சொல்லுத்தான்" என்று அவள் சொன்னதை நான்தான் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றிலிருந்து விருந்தினர் முன்னாலும் "கக்கூஸ் எங்கே?" என்று உரத்துக் கேட்பதே உங்கள் தமிழானது.

அச்சுக்குப் போன பிறகு கை வைக்கக்கூடாது, அதுதான் என் தொழிலின் ஒழுங்கு என்று உங்களோடு எத்தனை தரம் சண்டை பிடித்தேன். "காயாத வரைக்கும் திருத்தலாம்" என்பீர்கள். காய்ந்து இருபது வருடமான படங்களுக்கும் அதையே சொன்னீர்கள்.

ஜெயம் உங்களிடம் கேட்டது ஒன்றுதான். "என்ர முகத்தை எப்ப கீறப் போறியள்?" நீங்கள் ஒவ்வொரு முறையும் "பிறகு, பிறகு" என்றீர்கள். பூசணிக்காய்க்கு நேரம் இருந்தது.

ஜெயம் போய் முப்பத்தோராம் நாள், அவளுடைய அந்தியேட்டி முடிந்து, சனம் கலைந்த பிறகும் நீங்கள் போகவில்லை. பெட்டியைத் திறந்தீர்கள். வண்ணம் குழைக்கிற எண்ணெய்ப் போத்தல் வெறுமையாக இருந்தது. அடுப்பருகே இருந்த நல்லெண்ணெயை எடுத்தீர்கள். அது தோசைக்கு என்றேன். "எண்ணெய் எண்ணெய்தான். சும்மா இருங்கள்." பொழுதுபடுவதற்குள் ஜெயம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள். யாரோ பிழையாகச் சொன்ன ஒன்றைத் திருத்தத் திரும்பியவள் மாதிரி, வாய் திறக்கப் போகிற முகம். என்னைக் கேட்காமல் செய்தீர்களே என்று கோபம் வந்தது. கோபிக்க அந்த முகத்தில் ஒரு பிழையும் அகப்படவில்லை.

இப்போது நிலைமை இது. வண்ணத்துக்கான எண்ணெய்போல நல்லெண்ணெய் காய்ந்து இறுகாதாம். கன்னத்துப் பூச்சு மெல்லக் கீழிறங்குகிறது. தூசி ஒட்டிக் கறுக்கிறது. கலைக்கூடம் மேல்பூச்சை அகற்றிவிட விரும்புகிறது. அடியில் உள்ள படம் நன்றாகக் காய்ந்து உறுதியாக இருக்கிறதாம். காட்சிக்கும் அந்தக் காலத்துப் படம்தான் வேண்டுமாம். படம் என்னுடையது என்பதால் என் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

மகள் மெல்பேர்னிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அப்பா, லெட் தெம் டூ இற். அடியில இருக்கிறதும் அம்மாதானே."

"அடியில இருக்கிறது அம்மான்ர முதுகு, பிள்ளை."

"போட்டோ எடுத்து வைப்பம்."

"போட்டோ வீடு நிறையக் கிடக்கு. ஒண்டிலயும் அவ இப்பிடித் திரும்பேல்ல."

"அப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள். பிறகு, "அந்த அன்ரிக்கு ஒரு போத்தல் எண்ணெய் வாங்க ஏலாமல் போச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

பராமரிப்பாளரை நேற்று அழைத்தேன். இவற்றில் எதை மூலப்படமாகக் கொள்வது என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் முதற்பதிப்பின் பக்கம் நின்ற நான், கடைசியாகத் திருத்தியதுதான் மூலம் என்றேன். அந்தச் சண்டையில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். சுரண்டச் சம்மதமில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தாயிற்று.

சுரண்டாமல் இறுகச் செய்ய வழி உண்டா என்பது இன்னும் தெரியவில்லை. அவர் கடையொன்றில் நல்லெண்ணெய் வாங்கி, அதே வண்ணத்தைக் குழைத்து, வேறொரு பலகையில் பூசிச் சோதிக்கிறார். முடிவு ஈஸ்டருக்கு அடுத்த கிழமை வரும் என்கிறார். சரிவந்தால் ஜெயம் சுவருக்கு வருவாள். சரிவராவிட்டால், மேலும் வழியாமல் இருக்கப் படத்தை மேசையில் மல்லாக்காகக் கிடத்தி வைக்கவேண்டும். நான் குனிந்து பார்ப்பேன்.

அதுவரை தொடவேண்டாம் என்று படத்தின் பக்கத்தில் அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் கண்ணாடியைப் போட்டு அதை ஆறுதலாக வாசித்துவிட்டு, தொட்டிருப்பீர்கள்.