நூற்றுக்கு எண்பத்தாறு

சிவமயம்

பாளையங்கோட்டை
கார்த்திகை மாதம், 1999

சிரஞ்சீவி அருணாசலத்துக்கு அம்மா எழுதுவது. நாக்பூரில் நீயும் விஜயஸ்ரீயும் நன்றாக இருக்க நெல்லையப்பரும் காந்திமதியும் துணை நிற்கட்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. அதற்காகப் பதறாதே. பிள்ளை சித்ரா கூடத்தில் உட்கார்ந்து காலேஜ் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் இருக்கிற இடத்திலிருந்து அவள் முதுகு தெரிகிறது.

நேற்று பூத்துக்குப் போன் போட்டு நீ பேசியதற்கெல்லாம் நான் சரி, சரி என்று சொன்னேனே, அது சம்மதம் இல்லை. பூத்துக்காரன் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அங்கே வைத்து நான் என்ன பேச? அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒட்டி, நாளைக்கு ரயிலேறும் திருஞானசம்பந்தம் கையில் கொடுத்துவிடுகிறேன். உன் ஆபீஸ்காரர், உன்னிடமே சேர்ப்பார். படித்து முடிக்கிறவரை லீவு எழுதிக் கொடுக்காதே.

நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. வருவாய், காலேஜில் டி.சி. வாங்குவாய், பிள்ளையை நாக்பூருக்குக் கூட்டிப் போவாய், விஷயம் தெரியாத இடத்தில் தை பிறந்ததும் கல்யாணத்தை முடிப்பாய். உன் மச்சினன் காசிலிங்கம் உனக்குப் போன் போட்டு, உன் மகளுக்கு மூளைக்கோளாறு, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றானாம். அந்தப் பேச்சு அவனுக்கு எங்கேயிருந்து போனது தெரியுமா? என்னிடமிருந்துதான். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மார்க்கெட் பக்கம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வந்திருக்கிறது. இன்டர்நெட் என்று போர்டு. காலேஜ் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்து ஏதேதோ பார்க்கிறார்கள். நம் சித்ராவும் போயிருக்கிறாள். அன்றைக்கு முகமே சரியில்லாமல் வந்தாள். கூடப் படிக்கிற முஃபீதாவோடு பெரிய சண்டை. முந்தின வாரம் வரை அந்தப் பிள்ளைதான் உலகம் என்று இருந்தவள், இனி அவள் பேரை எடுக்காதே ஆச்சி என்றாள். கையில் கம்ப்யூட்டர் அச்சுத்தாள் ஒன்று. என்ன ஏட்டி அது என்று கேட்டேன். டெஸ்ட் ஆச்சி என்றாள். எத்தனை மார்க்கு என்றேன். நூத்துக்கு எண்பத்தாறு என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இந்த வீட்டில் எண்பதைத் தாண்டி மார்க்கு வாங்கியது அதற்கு முன்னால் நீ ஒருத்தன்தானே!

மறுநாள் அவள் காலேஜுக்குப் போனதும் அந்தத் தாளை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, காந்திமதி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தேன். எதிர்வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். என் பேத்தி கம்ப்யூட்டர் பரீட்சையில் எண்பத்தாறு என்றேன். அந்த நேரம் பார்த்துக் காசிலிங்கம் வாழைத்தாரோடு வந்தான். தன் மகன் கணேஷ்ராமுக்கு நம் பிள்ளையை எடுப்பதாகப் பேச்சு இருக்கிறதே, அந்த உரிமை அவனுக்கு. எங்க, காட்டுங்க அத்தை, எங்க வீட்டுக்கு வாரவ மார்க்க நானும் பாக்கணும்லா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினான். படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். காப்பி கலந்து வருவதற்குள், ஒரு சோலி இருக்கு, மறந்துட்டேன் அத்தை என்று படியிறங்கிவிட்டான். நம்மைப் பார்த்துத்தான் பொறாமைப்படுகிறான் என்று நான் நினைத்தேன், பார்த்துக்கொள்.

சாயங்காலம் சித்ரா வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, ஆச்சி, நான் பைத்தியம்னு அந்தக் கம்ப்யூட்டர்காரன் மார்க்கு போட்டுக் குடுத்திருக்கான், நீ அதுக்குக் குங்குமம் வச்சிருக்கியே என்றாள். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அருணாசலம், அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். வையவும் முடியவில்லை, கெஞ்சவும் தெரியவில்லை. கடைசியில், ஏட்டி, அப்படி என்னதான் கேட்டிருக்கான் அதுல, எனக்கும் வாசிச்சுக் காட்டு, நானும் எழுதுதேன் பரீட்சை என்றேன். அப்புறம் தாழ்ப்பாள் திறந்தது.

இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். நெருங்கினவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம் உண்டா என்று முதல் கேள்வி. எழுபது வயசுக்காரிக்கு அதைத் தவிர வேற என்ன பயம், போடு மார்க்க என்றேன். இன்றைக்குத் தெய்வம் என்று நினைக்கிற ஆளை நாளைக்கு வெறுப்பது உண்டா என்று இன்னொன்று. இன்னைக்குக் காலையில காசிலிங்கம் தங்கமான ஆளு, இப்ப அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்றேன். கோபத்தில் சாமானை எறிந்தது உண்டா என்றாள். உங்க தாத்தா மேல சொம்ப எறிஞ்சேன், அவுக குனிஞ்சுட்டாக என்றேன். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றுமா என்பதற்கு, உங்க அப்பன் லீவு முடிஞ்சு ரயிலேறிப் போற ஒவ்வொரு தடவையும் என்றேன். அதையும் அவள் எழுதிக்கொண்டாள். கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆச்சிக்கு அறுபத்திரெண்டு, ஃபர்ஸ்ட் கிளாஸு என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இதுக்கா ஏட்டி இவ்வளவு அழுத என்று நான் அவள் தலையைத் தடவினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இங்கிலீஷ் எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, எண் தெரியும். அவள் ஆறை முடித்து எட்டுக்குப் போனதைப் பார்த்திருந்தேன். ஏழாவது கேள்வி எங்க என்று கேட்டேன். அது உனக்கு வேண்டாம் ஆச்சி என்றாள். வாசி என்றேன். வாசிக்கவில்லை. தாளை மடக்கினாள், விரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே வாசித்தாள். உன்னை நீயே காயப்படுத்திக்கொண்டது உண்டா என்று கேட்டிருக்கிறான்.

அவ யாருடி அப்படிச் செய்யுதவ என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. அவள் இடது சட்டைக்கையைப் பைய மேலே ஏற்றினாள்.

புரட்டாசி வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாளே, காலேஜில் இப்போது அதுதான் நாகரிகம் என்று நானும் நம்பினேனே. அதற்கு மேல் அந்தக் கையைப் பற்றி எழுத மாட்டேன். ஆறின தழும்பும் இருந்தது, ஆறாததும் இருந்தது.

யாரிடமும் கேட்காமல் மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தியிடம் போனோம். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் வெகுநேரம் பேசினாள். பிறகு இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தாள். நான் அந்தத் தாளை, குங்குமத்தோடு, மேஜையில் வைத்து, இதுல போட்டிருக்கது நெசமா என்று கேட்டேன். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர் என்று தாளில் போட்டிருந்த நோய்க்கு நீளமாக ஒரு பேர். மனசு ஒரு நிலையில் நிற்காது, ஆள்களோடு உள்ள பழக்கமும் நிற்காது, கோபமும் துக்கமும் தாங்க முடியாத அளவுக்கு வரும், அதுதானாம்.

டாக்டரம்மா சொன்னது இது. இந்த மாதிரித் தாள் நெத்தியில கை வச்சுப் பாக்குத மாதிரிம்மா, சூடு இருக்குன்னு சொல்லும், என்ன காய்ச்சல்னு சொல்லாது. சிநேகிதியோட சண்டை போட்ட அன்னைக்குப் போய் உட்கார்ந்தா எல்லாத்துக்கும் ஆமான்னுதான் கை போகும். எவ்வளவு நாளா இருக்கு, எல்லார்கிட்டயும் இருக்கா, அதனால படிப்பும் பழக்கமும் கெடுதான்னு நான் நேர்ல இருந்து பல தடவை கேக்கணும். இந்த வயசுல அவசரப்பட்டுப் பேரு வைக்கக் கூடாது. எனக்கும் அறுபத்திரண்டு வந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். அப்போ கிழிச்சுப் போட்டுரலாமா என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள். கிழிக்கலாம், ஆனா உங்க பேத்தி உங்ககிட்ட சொல்ல முடியாததை அதுகிட்டயாவது சொல்லியிருக்கா, அதை மறந்துராதீங்க என்றாள். நோய்க்கு என்ன பேர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கை நிஜம், அதற்கு இப்போதே பார்க்க வேண்டும் என்றாள்.

வாரம் ஒரு தடவை கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள். பேசிப் பேசித்தான் வைத்தியம். மாத்திரை பிறகு வேண்டுமானால் தருவாளாம். இது குணமாகிற சங்கதி, நாள் பிடிக்கும் என்றாள். கல்யாணம் செய்தால் சரியாகுமா என்று, உன்னைப் போன்றவர்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான், நானே கேட்டேன். கல்யாணம் மருந்து இல்லம்மா என்றாள். இருக்கிற இடத்தை விட்டுத் திடீரென்று பிடுங்குவதும் இப்போது ஆகாது என்றாள்.

வீட்டில் அரிவாள்மணை இல்லை. அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறேன், காய் நறுக்க அங்கேதான் போகிறேன். அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஒளிக்கலாம் என்று இருந்தேன். அவளே எடுத்து வந்து, இதைக் கொண்டுபோய்க் குடுத்துரு ஆச்சி என்று கையில் தந்தாள். அந்த மாதிரி நினைப்பு வந்தால் என்னிடம் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை சொன்னாள். அவளை வண்ணாரப்பேட்டைப் படித்துறைக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் புதுவெள்ளம், கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் இருந்தவரை அவள் கையை நான் விடவில்லை, அவளும் உருவிக்கொள்ளவில்லை. பிறகு பசிக்குது ஆச்சி என்றாள், வந்துவிட்டோம்.

காசிலிங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தம் வேண்டாம் என்றால் வேண்டாம், வாயை மட்டும் மூடிக்கொள்ளட்டும். விஜயஸ்ரீயிடம் எல்லாவற்றையும் சொல். பெற்றவளுக்குத் தெரியாமல் வைக்காதே. நாம் வளர்த்த வளர்ப்பில் என்ன குறை என்று அவள் அழுவாள். அழட்டும், ஆனால் போனில் பிள்ளையிடம் அழ வேண்டாம்.

டி.சி. விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலேஜில் அவளுக்குக் கார்டியன் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் போட்ட கையெழுத்து என்று அங்கே யாரும் தள்ளிவிடவில்லை. நீ வந்து நின்றால் நான் மறுகையெழுத்துப் போட மாட்டேன். தகப்பன் என்ற உரிமையில் என்னை மீறி நீ வாங்கலாம். வாங்கினால், இந்த வீட்டு வாசலில் வைத்து எனக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அவளைக் கூட்டிப் போக வேண்டும்.

வராதே என்று சொல்லவில்லை, ஐயா. வா. நாலு நாள் இரு. டாக்டரம்மா உன்னையும் பார்க்க வேண்டும் என்கிறாள். வந்தவுடன் அவள் கையைக் காட்டச் சொல்லாதே. முகத்தைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேள், அது போதும்.

இதை எழுதும்போதே ஒரு தடவை எழுந்து வந்தாள். அப்பாவுக்கா எழுதுத என்றாள். ஆமா என்றேன். அப்பா என்னைப் பாக்க வாராவளா, கூட்டிட்டுப் போக வாராவளா என்று கேட்டாள். பார்க்கத்தான் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். சரி என்று போய் உட்கார்ந்து எழுதுகிறாள்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, அருணாசலம். காந்திமதி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும். என் பேத்திக்கும் தரட்டும்.

உன் அம்மா
ஞானம்பாள்