டெஸ்ஸா குடிவருகிறாளாம்

அன்புள்ள மகள் டெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பூனைக்குத்தான் கண்ணில் ஏதோ. ஃபிலடெல்ஃபியாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மழை இல்லை. கோதுமை விதைக்க எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தானியக் கிடங்குக்கு லாரி வருவது குறைந்துவிட்டதால் எடைமேடை அறையில் எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், நீ பாதியிலேயே வேண்டாம் என்பாய், அதனால்தான் கடிதம்.

டாக்டர் படிப்பு முடிந்ததும் சேர வேண்டிய எலும்பு அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு முப்பது ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு கட்டணம் என்றாய். நான் இத்தனை வருடம் கிடங்கில் வேலை பார்க்கிறேன், நிறைய வாங்குகிறவனுக்கு விலை ஏறுகிற வியாபாரத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆளுக்கு நூறு விண்ணப்பம் போடாமல் தடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நீ அவர்களுக்காகப் பேசினாய். யாரைத் தடுத்தது? உன் தோழி ஸ்லோன் நூறு போட்டிருக்கிறாள், அவள் அப்பாவே எலும்பு டாக்டர். தடுத்தது உன்னைத்தான். கோடையில் டென்வரில் ஒரு மாதம் யார் வீட்டு சோபாவிலோ படுத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரி உன்னைப் பார்த்து வைக்கட்டும் என்று வேலை செய்தாயே, அதிலும் வேலை செய்தவளும் நீ, காசு கட்டியவளும் நீ. ஸ்லோன் அப்படி மூன்று ஊருக்குப் போனாள். அவள் கெட்டிக்காரி இல்லை என்று நான் சொல்லவில்லை. முப்பதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் உனக்கு ஒரு வருடம் போகும், படிப்புக் கடன் மட்டும் நிற்காமல் ஓடும். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

உன் அம்மா இதை அல்வீனாவிடம் சொல்லியிருக்கிறாள். கோயில் சமையற்கட்டு அல்வீனா ராஜ்யம் என்று உனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறே விருந்து என்று முடிவு செய்துவிட்டாள். பங்கு அறிவிப்புத் தாளில் ‘வைகல் மகள் டெஸ்ஸாவின் டாக்டர் ரெசிடென்சிக்காக பீராக் விருந்து, விருப்பம்போல் காணிக்கை’ என்று அச்சாகி வந்தது. நாள் முழுக்கக் கோசும் இறைச்சியும் அடைத்துப் பீராக் பன் சுட்டார்கள். வழக்கம்போல் வாசலில் காபி டப்பா, யார் என்ன போடுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி திறந்தால், ஆலங்கட்டி மழை நம் பயிரை அழித்த வருடம் இதே டப்பாவில் நமக்குச் சேர்ந்ததைவிட அதிகம். ஏன் இவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் கிடங்குக்கு நம் ஊர் அலோய்ஸ் வந்தார். ஏம்ப்பா வெர்லின், பொண்ணு எந்த வீட்டுல குடியிருக்கப் போறா, பழைய டாக்டர் வீடுன்னா கூரை ஒழுகுது, நான் வேணா போட்டுத் தரேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெசிடென்சி என்றால் டாக்டர்களுக்குத்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சி. எங்கள் ஊருக்கு அது குடியிருப்பது. ஊர் டாக்டர் போனதிலிருந்து காய்ச்சலுக்குக்கூட ஹேஸ் நகரத்துக்கு வண்டி ஓட்டுகிற ஜனம் அந்த வரியை எப்படிப் படிக்கும்? டெஸ்ஸா குடிவருகிறாளாம் என்று சந்தோஷமாகக் கையை டப்பாவுக்குள் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் காசை அப்படியே உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். அவள் எங்கே பயிற்சிக்குப் போவாள் என்று அவளுக்கே தெரியாது, முடித்த பிறகு இங்கே வருவாளா என்றும் தெரியாது, டப்பா வாசலில் திறந்திருக்கிறது, போட்டது வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். போகிறபோது பல கைகள் உள்ளே போய் வந்தன, எடுத்தார்களா போட்டார்களா என்று நான் பார்க்கவில்லை. அலோய்ஸ் மட்டும் எல்லோர் முன்னாலும் எண்ணி எடுத்தார். நான் போட்டது அறுபது, எடுத்தது அறுபது, கோவமெல்லாம் இல்லப்பா, டாக்டர் வீட்டுக் கூரைக்குத் தகடு வாங்கிட்டேன், அதுக்கு வேணும் என்றார். அல்வீனாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, ஆலங்கட்டி அடிச்ச வருசம் உனக்குக் குடுத்தோமே, மறுவருசம் உன் கோதுமைய எங்களுக்கே விக்கணும்னு யாராவது கேட்டாங்களா, டப்பாவ எடுத்துட்டுப் போ, நான் மேசை துடைக்கணும் என்றாள்.

மிச்சத்தை நேற்று உன் கணக்கில் போட்டுவிட்டேன். இன்னும் நாற்பது ஆஸ்பத்திரிகளுக்குத் தாராளமாகப் போதும். இது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். பீராக் சுட ஒரு ஊர் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உன் அம்மா கேட்டாள். ஆனால் நன்றிக்கடன் என்று நினைத்து, ஊருக்குப் பக்கம் என்பதற்காக நீ விரும்பாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதே. அலோய்ஸ் பழைய டாக்டர் வீட்டுக்குக் கூரை போட்டு முடித்துவிட்டார். யார் வந்தா என்ன, வீடு ஒழுகக் கூடாது என்கிறார். அறுபதைத் திரும்ப எடுத்தவர்தான் தினமும் இங்கே வந்து, பொண்ணு எத்தனை போட்டிருக்கா என்று கேட்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும், நீதான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாயே. ஆனாலும் கோயிலில் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது நானும் ஊரைப் போலத்தான் படித்தேன். ஒரு நிமிடம் நீ வருகிறாய் என்று இருந்தது. பக்கத்தில் உன் அம்மா அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இன்னும் எடுத்து வெளியே போடவில்லை.

கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், போகிற இடத்தில் நல்லவர்கள் உனக்கு வாய்க்கட்டும். மாதக் கடைசிக்கு முன் எல்லாவற்றையும் அனுப்பிவிடு, எத்தனை என்று ஒரு வரி எழுது, நான் அலோய்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
வெர்லின் வைகல்