சமையலறை வாசலில் ஒரு விரல் உயரம்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

போன கல்லறைத் திருநாளன்று உங்கள்மேல் கோபத்தோடுதான் கல்லறைக்கு வந்தேன். மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன். கவனித்தீர்களா? இன்று கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கோபமெல்லாம் நீங்கள் போட்ட தரைமேல்தான். நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தவரை நமக்கு முன்வாசல் முதல் பின்வாசல் வரை ஒரே சிமெண்டுத் தரை. கம்பெனி வீடு என்று ஓர் ஆணி அடிக்கக்கூட யோசிப்பீர்கள். ரிட்டயராகி வடலூர் ரோட்டில் சொந்த வீடு கட்டியதும், அடக்கிவைத்த ஆசையெல்லாம் தரையில் இறங்கிவிட்டது. கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடு, படுக்கையறைக்கு மொசைக், சமையலறைக்கு டைல்ஸ். அப்புறம் அந்த டைல்ஸ் பிடிக்காமல் அதன்மேலேயே இன்னொரு டைல்ஸ்! "நம்ம வூடு, யாரக் கேக்கணும்?" என்று சிரிப்பீர்கள். பழசைப் பெயர்க்கத்தான் உங்களுக்கு மனசு வராது. சமையலறைக் கதவின் அடியை இழைத்து இழைத்து, கதவே குட்டையாகிவிட்டது.

கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு கட்டைவிரல் உயரம் ஏற வேண்டும். படியாக இருந்தால் கால் தானாக எழும்பும். இது படியுமில்லை, சமமுமில்லை.

அதற்கு நீங்கள் கண்ட வைத்தியம் உங்கள் வாய். சமையலறை வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "லூர்து, காலு!" என்பீர்கள். அம்மா உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. வீடு மந்திரிக்க வந்த சாமியாரைக்கூட விடவில்லையே! "ஃபாதர், காலு!" என்றதும் அவர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நீங்கள் போன பிறகு அதை யார் சொல்வது அப்பா? காலி டம்ளரோடு உள்ளே போன அம்மா, விரல் இடித்து விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு வீட்டுக்கு வந்தாள். கூடம் முழுக்க நடப்பாள். அந்த வாசல் வந்ததும் நின்றுவிடுவாள். "எனக்கு அடுப்படியே இல்லன்னு ஆயிடுச்சுடி ஸ்டெல்லா" என்று ஒருநாள் அழுதாள். நான் வைத்த மீன்குழம்பைக் குறைகூடச் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி சேவியர், "எல்லாத்தையும் பேத்துட்டு ஒரே மட்டமா போட்டுடலாம்" என்று வாட்ஸ்அப்பில் டைல்ஸ் படமாக அனுப்பித் தள்ளினான். அம்மா அசையவில்லை. "அவரு பாத்துப் பாத்துப் போட்டதுடா, கை வெக்காத."

கடைசியில் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். "பேக்க வேணாங்க. கூடத்துப் பக்கமா நீட்டி சரிவு குடுத்துடலாம். மேல சொரசொரப்பு டைல்ஸ் ஒட்டிட்டா வழுக்காது" என்றார். நேற்று நன்றாகக் காய்ந்துவிட்டது. வாக்கரைத் தள்ளிப் பார்த்தேன், எங்கும் இடிக்காமல் ஏறியது.

அம்மா வந்தாள். நின்றாள்.

"இடிக்காதும்மா, வா."

"தெரியுதுடி."

ஆனால் நகரவில்லை. அவள் கண் உங்கள் காலி நாற்காலியில் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, போய் அதில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டு, "லூர்து, காலு!" என்றேன்.

"அடி செருப்பால!" என்றாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர். தூக்கவே வேண்டாத காலை நன்றாக உயரத் தூக்கிவைத்து உள்ளே போனாள். போனதும் முதல் வேலையாக நான் வைத்த குழம்புச் சட்டியைத் திறந்து, "புளிய எங்கடி கரைச்ச, ஏரியிலயா?" என்றாள்.

அப்பா, தரையைச் சரி செய்துவிட்டோம். ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்த மாட்டேன். அம்மா உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, இனி நான் சொல்லிவிடுகிறேன்.

பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடும்
உங்கள் மகள்,
ஸ்டெல்லா