பன்னிரண்டாவது நாற்காலி

கிள்ளான்,
சித்திரை ஒன்பதாம் நாள்.

அன்பு மகன் முகுந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். என் சொந்த வீட்டில், என் சொந்தக் கட்டிலில், நானே துவைத்த தலையணை உறையின் மேல் தலை வைத்து நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மீதியைப் படிக்காமல் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடிவிடுவாய். நீயும் ஜனகாவும் என் பேரன் ரிஷியும் அந்தக் கால்கரிக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க எல்லாச் சாமியையும் கேட்டுக்கொள்கிறேன், இந்த வருஷம் மாதாவையும் சேர்த்து. போன செவ்வாய்க்கிழமை நீ போனில் கத்திய கத்தலில் எனக்கு வாயைத் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. நீ எங்கேம்மா இருக்க, யாரு உன்னை ஹோம்ல சேர்த்தது என்று ஆரம்பித்து, ஸ்கூல் மேல கேஸ் போடுவேன், பிஷப்புக்கு லெட்டர் எழுதுவேன், போட்டோவை எடுக்கச் சொல்லு, அதை எழுதின பொண்ணு உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும் என்று முடித்து, போனை வைத்தும்விட்டாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

நம் பக்கத்து வீட்டு இராஜம்மா இடுப்பெலும்பு முறிந்த பிறகு காப்பார் ரோட்டு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள் என்று உனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நீ ஆமாம்மா ஆமாம்மா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை காலையில் நான் கிராப் டாக்சி பிடித்து அங்கே போய் அவளோடு சீட்டு விளையாடுவேன். அவள் இடுப்புதான் உடைந்ததே தவிர கள்ள ஆட்டம் அப்படியே இருக்கிறது, கூட்டுப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் ஜோக்கரை ஒளித்து வைக்கிறாள். அங்கே போக எதற்கு அலங்காரம் என்று நான் வீட்டில் போடும் தொளதொள கப்தானை மாட்டிக்கொண்டு, குளித்த தலையை அப்படியே விரித்துப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். இந்த உடுப்பைப் பற்றி உன் மனைவி ஏதாவது சொல்வதாக இருந்தால் அடுத்த கடிதத்தில் சொல்லட்டும்.

ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு பஸ் வந்து நின்றது. பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், முப்பது பெண்கள், ஒரே மாதிரி வெள்ளை டீ-சட்டை, இரண்டு கிட்டார், ஒரு தம்புரீன், நாலு பானைக் கஞ்சி. கூடவே சிஸ்டர் பிலோமினா. ஐந்தடி கூட இருக்க மாட்டார், குரல் மட்டும் போர்ட் கிள்ளானில் கப்பல் சங்கு ஊதுவது போல இருக்கும். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் வருஷத்துக்கு நாற்பது மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டுமாம், அது முடிந்தால்தான் இளைஞர் ஊழியக் குழுவில் சேர்ப்பார்களாம், டிசம்பர் முகாமுக்கும் கூட்டிப்போவார்களாம். ஆகவே சேவை வேகமாக நடந்தது. ஒருத்தி இராஜம்மாவுக்கு நகம் வெட்டினாள், இன்னொருத்தி வந்து நகம் எங்கே என்று தேடினாள். ஏற்கனவே பெருக்கிய தரையை மூன்று பேர் பெருக்கினார்கள். கண் தெரியாத ஒரு அங்கிளை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கவைத்து ஆண்டவருக்காகக் கை தட்டுங்க என்றார்கள், பாவம் அவர் பாத்ரூமுக்குப் போகத்தான் எழுந்திருந்தார்.

பிறகு பாதம் கழுவும் சடங்கு. ஏசு தன் பன்னிரண்டு சீடர்களுக்கும் காலைக் கழுவிவிட்டாராம், அதையே பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்வார்களாம். பன்னிரண்டு நாற்காலி போட்டு, பன்னிரண்டு பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, பன்னிரண்டு பேரை உட்காரச் சொன்னால் பதினொரு பேர்தான் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளான இராமலிங்கம் டயாலிசிசுக்குப் போயிருந்தார். சிஸ்டர் திரும்ப எண்ணினார், திரும்பவும் பதினொன்றுதான். நான் போர்ட் கிள்ளான் கொடவுனில் முப்பத்திரண்டு வருஷம் சரக்குப் பெட்டி எண்ணியவள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று உனக்குத் தெரியும். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, போய் உட்கார்ந்துவிட்டேன். நீ யாரென்று யாரும் கேட்கவில்லையடா. கப்தானும் விரித்த தலையுமாக நான் இருந்த கோலத்துக்கு எதற்குக் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தன் காட்டிக்கொடுத்தவன் தெரியுமா என்று இராஜம்மா பக்கத்து நாற்காலியிலிருந்து என் காதில் ஓதினாள். அது நானாக இருக்கும் என்று நினைத்தேன். உன் புஷ்பவல்லி சித்தி என்று இப்போது தெரிகிறது.

எனக்குக் கிடைத்த பெண்ணின் பெயர் ஜெசிந்தா, பதினாறு வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். என் கட்டைவிரலில் சிவப்புச் சாயத்தைப் பார்த்துவிட்டு, ஆன்டி நெயில் பாலிஷ்லாம் போட்டிருக்கீங்க, செம லா என்றாள். பிறகு குனிந்து தண்ணீரை ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. உன் அப்பா போனதற்குப் பிறகு டாக்டரைத் தவிர என் காலை யாரும் தொட்டதில்லை. அதை மறைக்க அவள் தலையில் கை வைத்து நல்ல புருஷன் கிடைச்சு நூறு வருஷம் இரும்மா என்று சத்தமாக ஆசீர்வாதம் பண்ணிவிட்டேன். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கு அந்தப் பெண்ணைக் கன்னியர் மடத்தில் சேர்க்கும் யோசனை இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் வினை. அவள் சமூக சேவைக்கான ஒரு பச்சை விண்ணப்ப பாரத்தை எடுத்து, ஆன்டியை நான் அடாப்ட் பண்ணிக்கிறேன், நாற்பது மணி நேரமும் உங்களுக்குத்தான் என்றாள். அந்த இடத்தில் நான் எழுந்து, அம்மா நான் இங்கே சீட்டாட வந்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேனாவை வைத்துக்கொண்டு, பிள்ளைங்க எத்தனை பேரு ஆன்டி என்று கேட்டாள். ஒரே மகன் என்றேன். கடைசியா எப்போ நேர்ல பார்த்தீங்க என்று கேட்டாள். எண்ணிச் சொல்வதுதானே என் பிழைப்பு, யோசிக்காமல் நாலு வருஷம் இரண்டு மாசம் என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே அது காதில் விழுந்தது. அதற்குமேல் சீட்டாட வந்த கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமைகளிலும் அவள் இல்லத்துக்கு வந்தாள், நானும் சீட்டாட அங்கே இருந்தேன், விஷயம் வெளியே வரவில்லை. பிறகு பள்ளிக்கூடம் அந்தப் பாதம் கழுவும் சடங்குப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டது. கீழே ஜெசிந்தா, பிள்ளைகள் மறந்துபோன இந்தத் தாய்மாருக்கு இனி நாங்களே பிள்ளைகள் என்று எழுதியிருந்தாள். சுங்கை பூலோவில் உட்கார்ந்துகொண்டு உலகத்தில் உள்ள எல்லாப் பேஸ்புக்கையும் படிக்கிற உன் சித்தி, என் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒரு போன் போட்டு அக்கா நீ எங்க இருக்க என்று கேட்டிருந்தால் மூன்று நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் குடும்ப வாட்சப்பில் போட்டு, பக்கத்தில் அழுகிற பொம்மை நாலு போட்டு, உனக்கும் அனுப்பிவிட்டாள். இரண்டு நாளில் என்னைத் துக்கம் விசாரிக்க ஆறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் என் வீட்டிலேயே என் தோசையைத் தின்றுகொண்டே ஹோமில் சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள்.

நீ கத்திவிட்டுப் போனை வைத்த மறுநாளே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் மகன் ஒன்றும் என்னை மறக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் போனேன், நம்பு. சிஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், நான் அந்த இல்லத்து ஆளே இல்லை, எனக்குச் சொந்த வீடு இருக்கிறது என்றேன். அவர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தப்பான தகவல் எழுதியிருந்தால் அதுவரை செய்த மணி நேரமெல்லாம் ரத்து, முகாமும் கிடையாது என்றார். அந்தப் பெண் கண்ணெல்லாம் சிவந்து, சிஸ்டர், ஆன்டி சொன்னதைத்தான் நான் எழுதினேன் என்றாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. முகுந்தா, எனக்கு அந்த நிமிஷம் பூமியில் புதைந்துபோகலாமா என்று இருந்தது. சீட்டில் இராஜம்மா செய்வதைவிடக் கேவலமான வேலையை நான் அல்லவா செய்துவைத்திருக்கிறேன்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சை பாரத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் யாரைத் தத்தெடுக்கலாம் என்று ஒரு விதி போட்டிருக்கிறது. இல்லத்தில் இருக்க வேண்டும் என்று அதில் இல்லையாம். வீட்டிலோ இல்லத்திலோ தனியாக வாழ்பவர், பெற்ற பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மேல் நேரில் வந்து பார்க்காதவர், அவ்வளவுதான். சிஸ்டர் அதை வாசித்துவிட்டு என்னிடம் மிக மரியாதையாக, நீங்க வீட்டுல யாரோடம்மா இருக்கீங்க என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். அந்த நாலு வருஷம் இரண்டு மாசம் சரிதானே என்றார். சரிதான் என்றேன், அந்தக் கணக்கைத் தப்பாகச் சொல்ல என் நாக்கு வளையவில்லை. அப்போ எல்லாம் செல்லும் என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டார். நிரூபிக்கப் போனவள் பட்டுச் சேலையோடு தேறிவிட்டு வந்தேன். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் பல் கம்பியெல்லாம் தெரிந்தது.

மறந்துபோன என்ற வார்த்தையை மட்டும் அன்றைக்கே எடுக்க வைத்தேன். என் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான், மறக்கவில்லை, வரவில்லை, அதுதான் வித்தியாசம் என்று சொன்னேன். படத்தை எடுக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண் மன்னிப்பும் கேட்க மாட்டாள், நான்தான் அவளிடம் கேட்டேன். போன சனிக்கிழமை அவள் நம் வீட்டுக்கே வந்தாள். விசிறியைத் துடைத்தாள், காலாவதியான மருந்தையெல்லாம் குப்பையில் போட்டாள், கூடவே உன் அப்பாவின் மூட்டுவலித் தைலத்தையும் போட்டாள், அதை மட்டும் நான் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன். கிட்டார் வாசித்து ஒரு பாட்டும் பாடினாள். ஆண்டவர் அவளுக்கு நல்ல மனசைக் கொடுத்துவிட்டுக் குரலைக் கொடுக்க மறந்துவிட்டார்.

தப்பு உன்மேல் மட்டும் இல்லை. வரட்டுமாம்மா என்று நீ கேட்டபோதெல்லாம், ரிஷிக்கு ஸ்கூல் இருக்கு, வேலையைப் பாருடா, நான் நல்லா இருக்கேன் என்று தடுத்தவள் நான்தான். அந்தச் சொல்லை இந்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவின் கருமாதிக்கு வந்தபோது ரிஷி என் மடியில் மூத்திரம் போனான், இப்போது அவனுக்கு ஆறு வயது, போனில் ஹாய் பாட்டி என்றுவிட்டு ஓடிவிடுகிறான். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. கேஸ் போட வேண்டாம், பிஷப்பை விட்டுவிடு, நீ வா.

ஆனால் ஒன்று. நீ வாசற்படியில் கால் வைத்த அன்றைக்கே அந்த விதிப்படி நான் தகுதி இழந்துவிடுவேன், ஜெசிந்தாவுக்கு இன்னும் முப்பத்திரண்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது. இதை அவளிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவால்ல ஆன்டி, அவர் வரட்டும் லா, நான் வேற ஆளைத் தேடிக்கிறேன், ஆனா முன்னாலயே சொல்லிடுங்க என்றாள்.

ஜனகா தன் முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும், ரிஷிக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீ ராத்திரி தயிர் சாப்பிடாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க என் ஆசீர்வாதம். டிக்கெட் எடுத்தவுடன் சித்திக்குச் சொல்லாமல் முதலில் எனக்குச் சொல், அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தன் வீட்டில், தனியாக, நீ வரும்வரைக்கும் தகுதியோடு இருக்கும்,
உன் அம்மா குமுதா